மூன்றரை மணி அபராதம்

அவர் எங்கள் வீட்டுக்குப் பதினோரு வருடம் தினமும் வந்தார். ஒரு நாள்கூட உட்காரவில்லை.

மூன்று மணிக்கு மில் சங்கு ஊதும். முதல் ஷிப்டு விட்டு, மூன்றரைக்கு அவருடைய சைக்கிள் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். ஸ்டாண்டு போடமாட்டார், சுவரில் சாய்த்துவைப்பார். ஸ்டாண்டு போட்டால் கொஞ்ச நேரம் இருக்கப்போகிறார் என்று ஆகிவிடும் அல்லவா! சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னத் திருப்புளி. உள்ளே வந்ததும் கூரையைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். எது கழன்றிருக்கிறது, எது ஆடுகிறது என்று கண் அலையும். கால் ஓரிடத்தில் நிற்காது. வலது காலிலிருந்து இடது காலுக்கு, இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறிக்கொண்டே இருப்பார்.

அப்பா நாற்காலியில் இருந்தபடி சொல்வார், "உக்காருப்பா, காபி குடி."

"இருக்கட்டும்ணா."

இவ்வளவுதான் பேச்சு. நேற்றும் இதே, இன்றும் இதே, நாளைக்கும் இதே. எனக்குப் பதினோரு வயதில் தொடங்கியது, இருபத்திரண்டு வயதுவரை நடந்தது. அம்மா நிஜமாகவே காபி போட்டு டம்ளரை ஜன்னல் திட்டில் வைப்பாள். அவர் அதைத் தாண்டிப் போய் வேலையைப் பார்ப்பார். அது ஆறி ஏடு கட்டியதும் எனக்கு வரும். சூடான காபியின் ருசியை நான் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மில்லில் அவர் ஃபிட்டர். கை வேலை தெரிந்தவர். முதல் வருடம் எங்கள் வீட்டில் செய்ய நிறைய இருந்தது. கதவுக் கீல், ஒழுகுகிற ஓடு, தெரு அடிபம்பின் வாஷர், அப்பாவின் சைக்கிள் செயின் எல்லாவற்றையும் பார்த்தார். இரண்டாம் வருடம் எல்லாம் சரியாகிவிட்டது. அதற்காக மனிதர் வராமல் இருப்பாரா? நன்றாக இருக்கிற கீலைக் கழற்றி, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டிவிட்டுப் போவார். செய்ய ஒன்றுமே இல்லையென்றால் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பிவிடுவார். அவர் குடத்தோடு வரிசையில் நின்றால் தெருப் பெண்கள் சிரிப்பார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

அம்மாவுக்கு அவர் மேல் இரக்கம். "ஒடைக்கிறதுக்கு எதுனா வாங்கிப் போடணும் போலக்குது, இந்தத் தம்பிக்கு" என்று சிரிப்பாள். சிரித்ததோடு நிற்கவில்லை. மூன்று மணிச் சங்கு ஊதியதும் ஒரு தேங்காய்த் துருவியின் முனையை வைத்து ஜன்னல் கொக்கியின் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திவிடுவாள். அவர் வந்து அதைப் பார்த்ததும் முகம் தெளிந்துவிடும். கொக்கியை முடுக்குவார். ஆட்டிப் பார்ப்பார். அப்புறம் "வரேன்ணா" என்று கிளம்பிவிடுவார்.

அந்த ஆள் ஏன் வந்தார் என்பதை நான் கடைசியில்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ பைத்தியக்காரனைப் பற்றி எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மில்லில் ஒரு சின்னத் தகராறு. ஒரு தொழிலாளியை நியாயமில்லாமல் நிறுத்தினார்கள் என்று கேட் சுவரில் யாரோ கையால் எழுதி ஒரு தாள் ஒட்டிவிட்டார்கள். எழுதியது அதே மில்லில் வேலை பார்த்த எங்கள் அப்பா. அவர் கையெழுத்து அச்சுக் கோர்த்த மாதிரி இருக்கும். ஆபீசில் மூன்று பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எழுதியவன் யாரென்று சொல், இல்லையென்றால் உன் வேலை போகும் என்று மிரட்டினார்கள். இரண்டு பேர் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஆள் இவர், வீட்டில் மனைவி நிறைமாதம். இவர் பெயரைச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அப்பாவுக்கு வேலை இல்லை. விடியற்காலையில் ரொட்டி சுடுகிற கிடங்குக்குப் போய், சைக்கிள் பின்னால் பெட்டி கட்டி, தெருத்தெருவாக ரொட்டி விற்க ஆரம்பித்தார்.

அது நடந்து ஒரு வருடம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு இவர் போனார். எங்கள் மாதா கோவிலில் அப்போது இரண்டு சாமியார்கள் பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள். ஒருவர் நம்மூர்க்காரர். எந்தப் பாவத்தைச் சொன்னாலும் அபராதமாக மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்வார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் உட்கார்ந்து கேட்கிற மரத்தொட்டிக்கு முன்னால் வரிசை வாசல்வரை நிற்கும். மற்றவர் வயதான பிரெஞ்சுக்காரர், பழைய ஆட்கள் பிரெஞ்சிலேயே 'மோன் பேர்', அதாவது என் தந்தையே, என்று கூப்பிடுவார்கள். அவர் முன்னால் இரண்டு பேர், மூன்று பேர்தான் இருப்பார்கள். அவர் மந்திரம் சொல்லச் சொல்லமாட்டார், வேலை கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டேன் என்று எங்கள் அம்மா ஒருமுறை போய்ச் சொல்லப்போக, நாற்பது நாள் அவள் வீட்டு வாசலைக் கூட்டு என்று அபராதம் கொடுத்தார். அம்மா கூட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பெரிய பாரம் உள்ளவர்கள்தான் அவரிடம் போவார்கள் என்பது ஊர் அறிந்த விஷயம்.

இவர் அவரிடம்தான் போனார். சாமியார் புத்தகத் தமிழில் சொன்னாராம்: "தினமும் அந்த வீட்டுக்குப் போ. ஒரு வேலை செய். உட்காராதே. ஒரு வாய் தண்ணீர் வாங்காதே. நீ ஏன் வருகிறாய் என்று அவன் ஒருநாள் கேட்பான். அந்த நாளில் மறைக்காமல் சொல். அத்துடன் உன் அபராதம் தீர்ந்தது."

யாராக இருந்தாலும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கேட்டுவிடுவார்கள், இல்லையா? சாமியாரும் அப்படித்தான் நினைத்திருப்பார். இவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டு வந்திருப்பார். எங்கள் அப்பா கேட்கவில்லை.

ஒரு தடவை நான் கேட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் ஸ்டூலில் ஏறி பல்ப் ஹோல்டரைத் திருகிக்கொண்டிருந்தார். "ஏன் சித்தப்பா தெனம் வர்றீங்க? உங்க வூட்ல வேலையே இல்லியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கை நின்றது. ஸ்டூலிலிருந்து இறங்கினார். முதல்முறையாக அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார். "அப்பாவைக் கேக்கச் சொல்லு பாப்பா" என்றார். அப்பா எழுந்து வந்தார். அவரிடம் போகவில்லை, என்னிடம் வந்து கன்னத்தில் ஒன்று விட்டார். வாழ்நாளில் அப்பா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். "பெரியவங்களை ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது" என்றார். பிறகு அவர் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, "உக்காருப்பா, காபி குடி" என்றார்.

"இருக்கட்டும்ணா."

அன்றைக்கு அவர் சைக்கிளில் ஏறிப் போகவில்லை, தள்ளிக்கொண்டே போனார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். எனக்கு அவரைக் கண்டாலே பிடிக்காமல் போனது அன்றிலிருந்துதான்.

பிறகு அவர் மாமனார் வீட்டோடு தவளக்குப்பத்துக்குக் குடிபோனார். சரி, தொல்லை விட்டது என்று நினைத்தேன். எங்கே விட்டது? மில் விட்டதும் முதலில் எங்கள் வீடு, பிறகுதான் ஊர். மில் லீவு நாளில் என்ன செய்வார் என்று பார்த்தால், கடலூர் ரோட்டில் அத்தனை தூரம் வெயிலில் மிதித்துக்கொண்டு அதே மூன்றரைக்கு வந்து நின்றார். ஒரு புயல் நாளில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் கூரையில் ஏறி, பறக்கப் பார்த்த தாழ்வாரத் தகரத்தின் மேல் கல் எடுத்து வைத்தார். இறங்கும்போது உடம்பெல்லாம் நடுக்கம். அம்மா சுக்குக் காபியைக் கையிலேயே திணிக்கப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்னொரு வருடம் மஞ்சள் காமாலை. கண் இரண்டும் மஞ்சளாக, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, கொக்கியில் ஒரே ஒரு சுற்று முடுக்கிவிட்டுத் திரும்பினார். அப்பாவின் வாய் திறந்தது. கேட்கப்போகிறார் என்றே நினைத்தேன். மூடிக்கொண்டது.

"உக்காருப்பா" என்றார். காபி என்பதைச் சொல்லவே அவரால் முடியவில்லை.

தெரு சும்மா இருக்குமா? ரொட்டி விற்கிறவன் வீட்டுக்கு மில் ஃபிட்டர் தினம் எதற்கு வருகிறான் என்று பேச ஆரம்பித்தது. அம்மாவைச் சேர்த்தும் பேசியது. வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாள்தான் அதைக் காதில் போட்டாள். அம்மா அன்றைக்கு மீனை அறுக்காமல் அப்படியே வைத்துவிட்டு அழுதாள். பேச்சு தவளக்குப்பம்வரை போயிருக்கவேண்டும். ஒருநாள் அவர் மனைவி பஸ் பிடித்து வந்து எங்கள் வாசலில் நின்று கத்தினாள்.

"எம் புருசன் இங்க என்னா பண்றாரு? அத்த மொதல்ல சொல்லுங்க! பதில் தெரியாம நகரமாட்டேன்!"

அவர் அப்போது கூரைமேல் இருந்தார். அங்கேயே சிலையாக நின்றுவிட்டார். அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் வாயில் வேறு சொல்லே வராது போல.

"உக்காரும்மா, காபி குடி."

அவள் உட்கார்ந்தாள்! காபியையும் குடித்தாள். பாதி டம்ளரில் அழுதாள், மீதி டம்ளரில் அம்மாவோடு சிநேகமாகிவிட்டாள். "வூட்ல ஒரு ஆணி அடிக்கமாட்டாரு அக்கா. எங்க வூட்டுக் கதவு நாலு வருசமா ஆடுது" என்றாள். கூரையிலிருந்தவர் அவள் பஸ் ஏறும்வரை இறங்கி வரவே இல்லை.

எனக்கோ அவர் மேல் எரிச்சல் கூடிக்கொண்டே போனது. பள்ளி இறுதி வகுப்பு முடித்ததும் டீச்சர் டிரெயினிங் சேர ஆசைப்பட்டேன். ரொட்டிப் பெட்டியை நம்பி அது முடியவில்லை. தையல் தைத்தேன், பிறகு சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பாக்கிங் வேலைக்குப் போனேன். களைத்து வீடு திரும்பினால் இந்த ஆள் நடுக்கூடத்தில் கால் மாற்றி நிற்பார். எங்களைப் பாவம் பார்த்து உதவ வருகிறாராம் என்று மனசுக்குள் வெடிப்பேன். என் டிரெயினிங் யாரால் போனது என்று எனக்கு அப்போது தெரியாது.

எண்பத்தைந்தில் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மில் பஞ்சும் ரொட்டிக் கிடங்குப் புகையும் சேர்ந்து செய்த வேலை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் ஒரு காலையில் அம்மாவையும் என்னையும் பக்கத்தில் கூப்பிட்டு, பதினோரு வருடம் வாயில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"எம் பேர குடுத்தது அவன்தான். எனக்கு அன்னிக்கே தெரியும், ஆபீஸ் கிளார்க்கு சொல்லிட்டாரு."

நான் எழுந்தேவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அப்பா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்த முதல் வாரம் அப்பாவுக்கு ரத்தம் கொதித்ததாம். பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். பயந்துபோய் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பெரிய பாரம் அல்லவா, அவரும் பிரெஞ்சுச் சாமியாரிடமே போயிருக்கிறார். எனக்குத் துரோகம் பண்ணியவன் தினம் என் வீட்டுக்கு வருகிறான், கொல்லத் தோன்றுகிறது என்று சொல்லியிருக்கிறார். சாமியார் முழுதும் கேட்டுக்கொண்டாராம். பிறகு சொன்னாராம்: "ஏன் வருகிறாய் என்று கேட்காதே. உட்கார், காபி குடி என்று தினமும் சொல். அவன் உட்கார்ந்து குடிக்கும் நாளில் உன் அபராதம் தீர்ந்தது."

அதாவது, கேட்டால்தான் அவர் உட்காரலாம். உட்கார்ந்தால்தான் அப்பா கேட்கலாம்.

ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்து இன்னொருவரிடம் எதுவும் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது சாமியார்களுக்குச் சட்டம். அதனால் தெரிந்தே தெரியாதவர் மாதிரி சொன்னாரா, இல்லை எழுபது வயது தாண்டிய மறதியா? கேட்கலாமென்றால் இருவருக்கும் அபராதம் கொடுத்த வருடக் கடைசியிலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முடிச்சுப் போட்டவர் கல்லறைக்குள், முடிச்சில் மாட்டிய இரண்டு பேரும் எங்கள் கூடத்தில்.

"வேற சாமியாருகிட்ட சொல்லி மாத்திக்கலாமேப்பா!" என்று கத்தினேன்.

"போன வருசமே புதுச் சாமியாருகிட்ட சொன்னேன். தாராளமா கேளு, உன் அபராதம் எப்பவோ தீர்ந்துட்டுதுன்னாரு."

"அப்பறம் ஏன் கேக்கல?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு தரம் நீ கேட்டப்ப அவன் மூஞ்சியப் பாத்தேன். நான் கேக்குறதுக்காகத்தான் காத்துக்கினு கெடக்குறான்னு அன்னிக்கே புரிஞ்சிடிச்சி. கேட்டா சொல்லிடுவான். சொல்லிட்டா மறுநாளுலருந்து வரமாட்டானே. மில்லுல எத்தினி பேரு எங்கூட வேல செஞ்சாங்க. அவனவிட்டா யாரு வந்தா?"

எனக்குக் கோபம் மட்டும் அப்படியே இருந்தது, அதை யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அன்றைக்கும் மூன்றரைக்கு அவர் வந்தார். அப்பா சொன்னார், அவர் மறுத்தார். ஒன்பதாம் நாள் அப்பா இறந்துபோனார். அடக்கத்தின்போது மண்ணை ஆளுக்கு ஒரு பிடி போட்டோம். அவர் கடைசி ஆளாக வந்து மண்வெட்டியை வாங்கி, குழி மூடும்வரை நிறுத்தாமல் தள்ளினார்.

மறுநாள் மூன்றரைக்குச் சைக்கிள் சத்தம். உள்ளே வந்து நின்றார். நாற்காலி காலி. 'உக்காருப்பா' என்று சொல்ல ஆளில்லாததால் 'இருக்கட்டும்ணா' என்று சொல்லவும் அவருக்கு வழியில்லை. கொக்கியை முடுக்கினார். போகாமல் நின்றார். கால் மாறி மாறி, மாறி மாறி. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. ஒரு கேள்வி கேட்டால் இவர் விடுதலை ஆகிவிடுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் டிரெயினிங்குக்கு நிற்கட்டும், அப்பாவின் நுரையீரலுக்கு நிற்கட்டும் என்று இருந்தேன். ஒரு மாதம் அப்படி அவரை நிற்கவைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் வழக்கம்போல் வந்து திருப்புளியை எடுத்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவரின் தலை முழுக்க நரைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஏன் வர்றீங்க?" என்று கேட்டேன்.

"நீ கேட்டா ஆவாது பாப்பா. அவுரு கேக்கணும்."

"அவுரு இனிமே எங்க கேக்கறது? நான் அவுரு பொண்ணு. கேக்கறேன். ஏன் வர்றீங்க?"

அவர் சொன்னார். தாள், ஆபீஸ், நிறைமாத மனைவி, பாவசங்கீர்த்தனத் தொட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில், பதினோரு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவர் மாதிரி. முடித்ததும் அடி வாங்கத் தயாராக நிற்கிறவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியும்" என்றேன். "அப்பாவுக்கு மொத நாளே தெரியும்."

கண்ணைத் திறந்தார். "மொத நாளேவா? அப்பறம் ஏன் ஒரு தரம்கூட கேக்கல?"

அவரைத் துடிக்கவைக்க என்னிடம் ஆயிரம் பதில் இருந்தது. ஆனால் வாயில் வந்தது அப்பா சொன்னதுதான். "கேட்டுட்டா நீங்க அப்பறம் வரமாட்டீங்களாம்."

அவர் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, நின்ற இடத்திலேயே தரையில் சரிந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அம்மா காபி டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் தரையில் வைத்தாள். எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சூடு பொறுக்காமல், ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

பிறகு எழுந்து திருப்புளியைப் பையில் போட்டார். போட்டதை மறுபடி எடுத்துப் பார்த்தார். வாசல்வரை போய் நின்றார்.

"நாளைக்கி வரலாமா, பாப்பா?"

"வாங்க தம்பி" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். அவர் அதற்கு நகரவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். போகட்டும் என்று ஒரு மனசு, இத்தனை நாள் நிற்கவைத்தாயே என்று ஒரு மனசு. தலையைக் குனிந்துகொண்டேன். சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

அந்த வாரம் எனக்குக் காலை ஷிப்டு. மறுநாள் சேதராப்பட்டிலிருந்து திரும்பி வீட்டுக்குள் நுழையும்போது மூன்று மணிச் சங்கு ஊதியது. அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் தேங்காய்த் துருவியை எடுத்துக்கொண்டு போய், ஜன்னல் கொக்கியின் திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தி வைத்தேன்.